கா கூட்டல் மேல்

ஜனவரி 6, திங்கள்

ஆங்கில சி எழுத்தின் கடைசி மெய்ப்பு அச்சகத்திலிருந்து வந்துவிட்டது. காலையில் மேசையில் அந்தக் கட்டைப் பார்த்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் பிரித்தேன். இந்த ஆங்கிலம்-தமிழ் அகராதி வேலையில் நான் சேர்ந்தபோது அப்பாவுக்குத் தலையில் கறுப்பு முடி இருந்தது. இப்போதுதான் புத்தகமாகப் போகிறது. அடுத்த மாதம் உலகத் தாய்மொழி நாளன்று வெளியீடு.

சி எழுத்தில் சொற்பிறப்புக் குறிப்புகள் முழுக்க என் பொறுப்பு. ஒரு சொல் எங்கே பிறந்தது, எந்த மொழிகள் வழியாக வந்தது, வழியில் என்னென்ன பொருளை ஏற்றிக்கொண்டது என்று எழுத வேண்டும். கேமல் என்ற சொல்லுக்கு மூன்று பொருள் கொடுத்திருக்கிறேன். ஒட்டகம். ஒட்டகத்தின் மங்கிய பழுப்பு நிறம். மூன்றாவது, தரைதட்டிய கப்பலைத் தூக்கிவிட அதன் இருபுறமும் கட்டும் மிதவை. இந்த மூன்றாவது பொருளைக் கண்டுபிடித்த அன்று தலைமைப் பதிப்பாசிரியர் இளங்கண்ணன் என் மேசைக்கே வந்து, "கப்பலச் சுமக்கற ஒட்டகமா! விடாதீங்க, போட்டுருங்க" என்று சிரித்தார்.

பிறப்பு: இலத்தீனுக்குக் கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கத்துக்குச் செமித்திய மொழிகளிலிருந்து. அரபியில் ஜமல், எபிரேயத்தில் காமால். அதற்கும் முன்னால்? சுமப்பது என்ற வினையோடு உறவு இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். உறுதியில்லை. அதனால் "இதற்கு முந்தைய மூலம் தெரியவில்லை" என்று முடித்திருந்தேன்.

அந்தக் கடைசி வரியைச் சிவப்பு மையால் அடித்து ஓரத்தில் எழுதியிருந்தது: "தமிழ். கா + மேல் = காமேல். கா என்பது சுமை தூக்கும் தண்டு. மேலே சுமை தாங்குவதால் காமேல். உலகம் இதைத்தான் கேமல் என்கிறது."

எழுத்து மருதாசலம் ஐயாவுடையது. நூற்பாலை முதலாளி. எங்கள் அறக்கட்டளையின் தலைவர், மெய்ப்பு அவர் கை வழியாகத்தான் எங்களுக்கு வரும். அகராதி அவர் பணத்தில்தான் வருகிறது.

இளங்கண்ணனிடம் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். நான் சிவப்பு மையின் மேல் "வேண்டாம், பழையபடி இருக்கட்டும்" என்று குறித்துத் திருப்பி அனுப்பினேன்.

காஸ் சிலிண்டர் பதிவு செய்ய மறந்துவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்தால் அப்பா கைப்பேசியை முகத்துக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கண்புரை முற்றிவிட்டது, இந்த மாதம் அறுவை செய்துவிட வேண்டும்.

"அம்மிணி, இங்க வா. இதைப் பாரு."

ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் மருதாசலம் ஐயா பேசுகிறார். பாலைவனத்து விலங்குக்கும் பெயர் வைத்தவன் தமிழன், கா கூட்டல் மேல், நம் அகராதியில் விரைவில் வருகிறது என்கிறார். கைதட்டல் நிற்கவே இல்லை.

"எத்தனை நாளா இந்தச் சொல்லு நம்ம கண்ணுமுன்னால கெடக்குது! நமக்குத் தோணலையே. நீயும் அங்கதான இருக்கற? சொல்லவே இல்ல பாரு."

அப்பா தருமலிங்கம் என்று பெயர் வைக்கப்பட்டவர். கல்லூரியில் படிக்கும்போது அறவாழி என்று மாற்றிக்கொண்டார். அறுபத்தைந்தில் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறைக்குப் போனார். பிறகு வாழ்நாள் முழுக்கத் தமிழாசிரியர். எனக்குப் பூங்கோதை என்று பெயர் வைப்பதற்காகத் தன் அப்பாவோடு சண்டை போட்டவர். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. அம்மா போனபிறகு இல்லை என்றே நினைக்கிறேன்.

"நல்லாருக்குதுங்கப்பா" என்றேன். எது நல்லாயிருக்கிறது என்று சொல்லவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் கிழக்கே பொங்கி வழிந்தது. அப்பா தெரு முழுக்க ஒட்டகம் பற்றிப் பேசிவிட்டு வந்தார்.

ஜனவரி 20, திங்கள்

மருதாசலம் ஐயா அலுவலகத்துக்கே வந்தார். எல்லோரையும் நீள மேசையைச் சுற்றி உட்காரவைத்தார். தேநீர் வந்தது, தேங்காய் பன் வந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்கம்மா, என்ற குறிப்பை வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டீங்களாமா?"

"ஆமாங்கையா. சொல்லு பொறந்த கதை வேறயா இருக்குதுங்க."

"கா தமிழ்தானே?"

"தமிழ்தானுங்க."

"மேல்?"

"அதுவும் தமிழ்தானுங்க."

"அப்புறமென்ன?"

"ரெண்டும் தமிழ்தானுங்க. ரெண்டையும் ஒண்ணாச் சேத்தது மட்டும் நீங்க. ஒட்டகம் வளத்தவங்க சேக்கலைங்க. அதுவுமில்லாம, காவடித் தண்டுல சுமை கீழதானுங்க தொங்குது? அப்படிப் பாத்தா காகீழ்னு இல்லீங்க பேரு வந்திருக்கோணும்?"

யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். ஐயாவின் உதடு சிரித்தபடியே இருந்தது. கண்ணில் சிரிப்பு போய்விட்டது.

"சரிங்கம்மா. நீங்க படிச்சவங்க. அந்தச் செமித்தியத்துக்கு முன்னால என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்."

"தெரியலீங்க."

"தெரியல. அப்ப, தெரியாத எடத்துல நம்ம தமிழை வெச்சா யாருக்கு என்ன நட்டம்?"

"தெரியலைங்கறது காலி சீட்டு இல்லீங்கையா, சன்னல் வழியா துண்டைப் போட்டு எடம் புடிக்கறதுக்கு."

இதைச் சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

ஐயா எழுந்தார். இளங்கண்ணனைப் பார்த்து, "பாத்து முடிச்சுருங்க" என்றார். அவ்வளவுதான். இளங்கண்ணன் அவரோடு கார் வரை போனார். திரும்பி வந்தபோது என் மேசைப் பக்கம் வரவில்லை. மதியம் வரைக்கும் வரவில்லை. நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை.

ஜனவரி 22, புதன்

இன்று இளங்கண்ணன் வந்தார். வறுகடலைப் பொட்டலத்தை என் மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். புதுச் சட்டை, இளம் பச்சை. அவருக்கு அந்த நிறம் எடுப்பாக இருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மனைவி போனபிறகு சட்டை எடுத்துக்கொடுக்க அவருக்கு ஆளில்லை.

"நாப்பதாயிரம் சொல்லுல ஒண்ணுங்க, பூங்கோதை. ஒரே ஒண்ணு."

"அந்த ஒண்ணுக்கு அவர் ஏனுங்க இத்தனை பிடிவாதம் புடிக்கறார்?"

"ஊரெல்லாம் பேசிட்டார். இனி பின்வாங்க முடியாது. அச்சை நிறுத்தீருவேன்னு சொல்றார். இத்தனை பேரு இத்தனை வருசம் ஒழைச்சது கட்டுக்கட்டா கெடந்து செல்லரிக்கணுமா? ஒரு வழி சொல்றேன். 'தமிழ் என்பது சிலர் கருத்து'ன்னு போட்டுரலாம். பொய்யும் இல்ல. சிலர் அப்படிக் கருதறாங்கதானே?"

அவர் குரலைத் தாழ்த்திப் பேசும்போது ஒரு கரகரப்பு வரும். நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். ஒப்புக்கொண்டால் என்ன கெட்டுவிடும்? மற்ற பக்கங்களெல்லாம் சுத்தமாக இருக்கின்றன. அப்பா மகிழ்ச்சியாக இருப்பார். இளங்கண்ணன் நிம்மதியாகத் தூங்குவார்.

பிறகு தோன்றியது. அகராதியை யாரும் கதைப் புத்தகம் போல வாசிப்பதில்லை. சந்தேகம் வந்தால் திறக்கிறார்கள். கைப்பேசியில் ஒன்றைக் கேட்டுவிட்டு, அது மெய்யா என்று பார்க்கத்தான் வருகிறார்கள். அப்படி வருகிறவருக்கு அதே கைப்பேசிப் பேச்சை அச்சில் நீட்டுவதா? 'சிலர்' யார் என்று கேட்டால் ஒரே ஒருவர். அவர் எங்களுக்குச் சம்பளம் கொடுப்பவர்.

"முடியாதுங்க" என்றேன்.

"எனக்காக."

அந்தச் சொல்லை அவர் இதற்கு முன் என்னிடம் சொன்னதில்லை. 

"முடியாதுங்க" என்று மறுபடியும் சொன்னேன். கடலையை அவர் எடுத்துப்போகவில்லை. நல்ல கடலை, வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

அப்பாவுக்கு வலக்கண்ணில் அறுவை முடிந்தது. மருத்துவமனைக்கு இளங்கண்ணன் சாத்துக்குடியோடு வந்தார். அப்பாவுக்கு அவரைப் பிடிக்கும். நான் சொட்டு மருந்து வாங்க மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பியபோது இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். நாளுக்கு நான்கு வேளை சொட்டு. தலையில் தண்ணீர் படக்கூடாது. குனியக்கூடாது.

ஜனவரி 27, திங்கள்

காலையில் சொட்டு விட்டு முடித்ததும் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இளங்கண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியோணுமா?"

அப்பாவைப் பேசவைத்தால் நான் இறங்கிவிடுவேன் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். கண் கட்டிய கிழவரின் கட்டிலருகே உட்கார்ந்து அதைச் செய்திருக்கிறார். சாத்துக்குடியோடு.

"உங்களுக்குக் கண் சரியாகட்டும்னு இருந்தேனுங்கப்பா."

"என்ற கண்ணை விடு. உலகமே நம்ம மொழியக் கிள்ளுக்கீரையா நெனைக்குது. ஒரு மனுசன் நிமுந்து நின்னு நம்முளுதுங்கறான். அதுக்குக் குறுக்க நிக்கறது என்ற மகளா?"

"தமிழுக்குப் பெருமை வேணும்னா தமிழ்ல இருக்கறதச் சொல்லலாமுங்கப்பா. இல்லாததச் சொன்னா, நாளைக்கு இருக்கறதயும் நம்ப மாட்டாங்க."

"அப்ப ஒட்டகம்? அதாவது நம்முளுதா, அதுவும் இல்லையா?"

அங்கே நான் வாயை மூடியிருக்கலாம்.

"அதுவும் வடக்கயிருந்து வந்த சொல்லாத்தானுங்க இருக்கோணும். ஆனா எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னயே வந்துருச்சு. நம்ம பழைய இலக்கணக்காரங்க ஒட்டகத்துல பொண்ணுக்குப் பெட்டைன்னு பேர் சொல்லணும்னு விதியே எழுதி வெச்சிருக்காங்க. அவங்களே வாங்கன்னு கூப்பிட்டுச் சேத்துக்கிட்டாங்க. அதுல என்னங்கப்பா குறைச்சல்?"

"போதும்."

கட்டிலிலிருந்து எழுந்தார். நிலைக்கதவில் தோள் இடித்தது. பிடிக்கப்போன கையைத் தள்ளினார்.

"அந்த ஒரு வரியை எழுதிக் குடுத்துட்டு வா. இல்லாட்டி என்னோட பேசாத."

ஜனவரி 29, புதன்

அப்பா பேசுவதில்லை. சொட்டு நேரம் வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்க்கிறார். நான் இமையை இழுத்துப் பிடித்து மருந்து விடுகிறேன். கண்ணைத் திறந்தால் நேர் எதிரே என் முகம்தான். அவர் விட்டத்தைப் பார்க்கிறார்.

தோசை மூன்று சாப்பிட்டார்.

பிப்ரவரி 3, திங்கள்

கணினியைத் திறக்க முயன்றேன், கடவுச்சொல் தவறு என்றது. மறுபடி போட்டேன். மறுபடி தவறு என்றது. இளங்கண்ணன் அறைக்குள் கூப்பிட்டார். நின்றுகொண்டே பேசினார். மருதாசலம் ஐயா என்னை விடுவிக்கச் சொல்லியிருக்கிறார். முகப்புப் பக்கத்திலிருந்தும் என் பெயர் எடுக்கப்படும். கேமலுக்கான குறிப்பைத் தானே எழுதிவிட்டதாகச் சொன்னார்.

"சிலர் கருத்துன்னா?"

அவர் மேசைமேல் இருந்த காகிதத்தை நேராக்கினார். "இல்லீங்க. 'சிலர்' வேண்டாம்னுட்டார்."

ஆக, அந்தச் சமரசமும் கிடையாது. நான் ஒப்புக்கொண்டிருந்தால் அன்றே என்னையும் அவரையும் சேர்த்து விழுங்கியிருப்பார்கள். ஒருவகையில் எனக்குச் சிரிப்பு வந்தது.

"எனக்கு வருத்தமா இருக்குதுங்க" என்றார்.

"எனக்கு இல்லீங்க" என்றேன். என் தண்ணீர் பாட்டில், இரண்டு பேனா, உருப்பெருக்கிக் கண்ணாடி, நாற்காலியில் போடும் திண்டு. ஒரு பையில் அடங்கிவிட்டது. காந்திபுரம் வரை நடந்தே வந்தேன்.

கண் எரிச்சலாக இருக்கிறது. வழியெல்லாம் தூசு, அதனால் இருக்கும்.

பிப்ரவரி 6, வியாழன்

அப்பா இருக்கும் வாட்ஸ்அப் தமிழ்க் குழுவிலெல்லாம் ஒரு செய்தி சுற்றுகிறது. என் படம், கீழே 'அகராதிக்குள் ஒளிந்திருந்த தமிழ்ப் பகை'. யார் எழுதியது என்று பெயரில்லை. பால் வாங்கப் போனபோது கடைக்காரர் மணிகண்டனே கேட்டார்.

"ஏனுங்கக்கா, நீங்க தமிழுக்கு எதிரியாமா?"

"ஆமாங்க. தயிர் ஒரு பாக்கெட் சேத்துப் போடுங்க."

அவர் தயிரைப் போட்டார்.

வீட்டுக்கு வந்து, அந்தச் செய்தி வந்த குழுக்களுக்கெல்லாம் ஒரே பதிலை அனுப்பினேன். "நான் பூங்கோதை. அந்தப் படத்தில் இருப்பது நான்தான். கேமல் என்ற சொல் தமிழிலிருந்து போனது என்பதற்கு ஒரே ஒரு பழைய சான்று காட்டுங்கள். கல்வெட்டோ, ஓலையோ, பாட்டோ, எதுவானாலும் சரி. காட்டினால் நானே வீடு வீடாக வந்து மன்னிப்புக் கேட்கிறேன்." கீழே என் கைப்பேசி எண்ணையும் போட்டேன்.

வசவு நிறைய வந்தது. சான்று வரவில்லை. பொள்ளாச்சியிலிருந்து ஒரு அம்மாள் கூப்பிட்டு, ஒட்டகச்சிவிங்கிக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டார். ஒட்டகம் போல நீண்ட கழுத்து, சிவிங்கிப் புலியைப் போலப் புள்ளி, ஆங்கிலத்திலும் பழைய பெயர் இப்படி இரண்டு விலங்கைச் சேர்த்ததுதான் என்றேன். "அப்படீங்களா!" என்று மகிழ்ந்துபோனார். நெடுநேரம் பேசினோம்.

பிப்ரவரி 12, புதன்

ரசத்தில் உப்பு அதிகம். அப்பா சொல்லவில்லை. குடித்தார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வெளியீட்டு விழா அழைப்பிதழ் வந்தது. எனக்கு இல்லை, அப்பாவுக்கு. மொழிப்போர் வீரர் புலவர் அறவாழிக்குப் பொன்னாடை அணிவித்துச் சிறப்புச் செய்கிறார்களாம். மருதாசலம் ஐயா சும்மா செய்வாரா? தமிழ்ப் பகையின் அப்பாவே மேடையில் அவர் பக்கம் நிற்பார். எல்லோரும் பார்ப்பார்கள்.

அப்பா அழைப்பிதழை இடக்கண்ணாலும் வலக்கண்ணாலும் மாற்றி மாற்றிப் படித்தார். வேட்டியை இஸ்திரிக்கு எடுத்து வைத்தார்.

இளங்கண்ணன் கைப்பேசியில் கூப்பிட்டார். "நீங்க விழாவுக்கு வராம இருந்தா நல்லதுங்க. உங்களுக்குத்தான் சங்கடம்."

"எனக்குச் சங்கடமே இல்லீங்க. அது என்ற புத்தகமும்தான். வருவேன்."

மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையை எடுத்து வெளியே வைத்தேன். வெளியீட்டுக்கென்றே தீபாவளிக்கு முன்னால் எடுத்தது. வேறு எதற்காகவும் எடுத்ததில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

அப்பாவும் நானும் ஒரே ஆட்டோவில் போனோம். பேசவில்லை. புறப்படுமுன் சொட்டு விட்டேன், கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். அரங்க வாசலில் அவரை மேடைக்கு அழைத்துப்போக ஆட்கள் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் நேராக உள்ளே போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். என் இருபக்கமும் நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

அகராதியைப் பட்டுத்துணி விலக்கிக் காட்டினார்கள். நல்ல கட்டு. பெரிய புத்தகம். அதைப் பார்த்ததும் எனக்கு, என்ன சொல்வது, பெருமையாகத்தான் இருந்தது. இளங்கண்ணன் வரவேற்றுப் பேசினார். பணியாற்றிய எல்லோருடைய பெயரையும் வாசித்தார். என் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு மூச்சு நின்றார், பிறகு அடுத்த பெயருக்குப் போனார்.

மருதாசலம் ஐயா பேசினார். ஒட்டகம் வந்தது. கைதட்டல் வந்தது. "நம்மோடவே இருந்துகிட்டு, நம்ம உப்பைத் தின்னுகிட்டு, தமிழோட பெருமைய ஏத்துக்க மனசில்லாதவங்க சில பேர் இருந்தாங்க. கல்லைப் பொறுக்கிப் போட்டுட்டுத்தான் அரிசியைக் கொடுத்திருக்கோம்." பலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். பார்க்கட்டும், நல்ல புடவை.

அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கழற்றக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

"கா மேல் தமிழ்தான். எனக்கு அப்படித்தான் தோணுது" என்றார். ஒரே கைதட்டல். "என்ற மக பூங்கோதை இல்லைங்கறா. அங்க உக்காந்திருக்கறா பாருங்க. அவ சொல்றது தப்புன்னு இப்பவும் சொல்லுவேன். ஒரு மாசமா அவகூட நான் பேசறதில்ல."

மறுபடி கைதட்டல். மருதாசலம் ஐயா தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்த ஒரு வரியை எழுதிக் குடுத்துட்டு வான்னு அவகிட்டச் சொன்னேன். சொன்னதுலருந்து எனக்குத் தூக்கம் புடிக்கறதில்ல. இதே பேச்சை நான் எங்கயோ கேட்டிருக்கறேன், எங்கன்னுதான் புடிபடல. இப்ப இங்க உக்காந்திருக்கையில புடிபட்டுருச்சு. அறுபத்தஞ்சுல என்னைய உள்ள போட்டாங்க. பத்தொம்பது வயசு. ஒரு அதிகாரி, நல்ல மனுசன், டீ வாங்கிக் குடுத்துப் பக்கத்துல உக்காந்து சொன்னார். 'ஒரு வரிதானப்பா. செஞ்சது தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போ.' நான் எழுதல."

மருதாசலம் ஐயாவின் தலையாட்டல் நின்றது.

"எழுதாததுக்குத்தான் இன்னைக்கு எனக்கு இதைப் போத்தறீங்க. என்ற மகளும் எழுதல. அவளை வெளிய அனுப்பிட்டீங்க. ரெண்டுல ஒண்ணுதானுங்க செய்ய முடியும்." பொன்னாடையை எடுத்தார். மடித்தார். வேட்டியை மடிப்பது போல ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பொறுமையாக மடித்தார். "அவளுக்குச் சேராதது எனக்கும் சேராது." மருதாசலம் ஐயாவின் முன்னால் மேசைமேல் வைத்துவிட்டுப் படிக்கட்டை நோக்கி நடந்தார்.

அவருக்குப் படி சரியாகத் தெரியாது. நான் ஓடினேன். மேடையில் யாரும் அசையவில்லை. இந்தமுறை கையைத் தள்ளவில்லை, இறுகப் பிடித்துக்கொண்டார். அரங்கத்தின் நடுவழியாகவே நடந்து வெளியே வந்தோம். யாரோ பின்வரிசையில் கைதட்டினார்கள். எங்களுக்கா, அடுத்த நிகழ்ச்சிக்கா என்று தெரியவில்லை.

ஆட்டோவில் ஏறியதும் அப்பா சொன்னார்: "தப்புன்னு சொன்னேனே, அது சும்மா சொன்னதில்ல. கா மேல்தான்."

"இல்லவே இல்லீங்கப்பா."

"வாயி. உங்கம்மா வாயி." 

வீடு வரை சண்டை போட்டுக்கொண்டே வந்தோம். ஆட்டோக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மாலை இளங்கண்ணன் வந்தார். கையில் அகராதி ஒரு படி. அப்பா வணக்கம் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டார்.

"உங்களுக்கு ஒண்ணு கொண்டாந்தேன். அடுத்த பதிப்புல உங்க பேரைச் சேக்கறதுக்கு நான் பேசறேன்."

"கா மேல் இருக்கற வரைக்கும் என்ற பேரு அதுல வேண்டாமுங்க."

"நான் வேற என்ன பண்ணியிருக்க முடியும், சொல்லுங்க."

பதில் சொன்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கும். காப்பி கொடுத்தேன். குடித்தார். உள்ளே போய், போன ஐப்பசி மழையில் அவர் எனக்குக் கொடுத்த குடையை எடுத்துவந்தேன். திருப்பித் தர வேண்டும் என்று தினமும் நினைப்பேன், ஏனோ மறந்துபோகும்.

"மழைக்காலம் இல்லீங்களே இது" என்றார்.

"பரவாயில்லீங்க. எடுத்துட்டுப் போங்க."

தெருமுனை வரை அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கதவைச் சாத்தினேன்.

மார்ச் 5, புதன்

அப்பாவுக்கு மறு பரிசோதனை. கண் நன்றாக இருக்கிறது. இனி சொட்டு வேண்டாம் என்றார் மருத்துவர். அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு நூலகத்துக்குப் போனேன். அகராதி வந்திருக்கிறது, பார்வைக்கு மட்டும் என்று ஒட்டி மேசையில் வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் ஒரு பெண் அதில் எதையோ தேடிக் குறித்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்துபோகும் வரை காத்திருந்தேன்.

சி எழுத்து. கேமல். மூன்று பொருளும் நான் எழுதியபடியே இருக்கின்றன, கப்பல் தூக்கும் மிதவை வரைக்கும். கீழே 'தமிழ்: கா + மேல்'. கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். அந்த வரியின்மேல் நேராக ஒரு கோடு போட்டேன். ஓரத்தில், சின்ன எழுத்தில், தெளிவாக எழுதினேன்: "செமித்திய மொழிகளிலிருந்து. அதற்கு முந்தைய மூலம் தெரியவில்லை." கீழே என் முழுப்பெயரும் தேதியும்.

நிமிர்ந்தால் நூலகர் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க மேடம் பண்றீங்க?"

"பிழை திருத்தறேனுங்க."

"நூலகப் புத்தகத்துல எழுதக்கூடாதுன்னு தெரியாதா? ரப்பர் வெச்சு அழிச்சுருவேன்."

"அழிங்க. அது உங்க வேலை" என்றேன். "எனக்கு இப்ப வேலை எதுவும் இல்லீங்க. நாளைக்கும் வருவேன்."